நேர்ந்துவிட்ட தலை

ரங்கநாதன் தெருவில் ‘ஒரே விலை’ என்று போர்டு மாட்டிய முதல் ஜவுளிக்கடை சண்முகவேலுடையது. அந்தப் போர்டுக்கு நேர் கீழே நின்றுதான் ஜனங்கள் பேரம் பேசுவார்கள். அவரும் சளைக்காமல் பேசுவார். சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கிப்போகிற ஆளைக் கண்டால்தான் அவருக்குப் பயம். நோட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

கடை கீழே, வீடு மேலே. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்படி செங்குத்தாக மேலே போகும். பால் ஏறுவதும் அதில்தான், கத்தரிக்காய் ஏறுவதும் அதில்தான். மேலேயிருந்து யார் இறங்கினாலும் முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை என்று தவணை தவணையாகக் கடைக்குள் வந்து சேருவார்கள். சேலை பார்க்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எழுபத்து நாலாம் வருஷம் வரைக்கும் யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் பையன்கள் காது மறைய முடி வளர்த்தார்கள். கிருதா கன்னத்தின் பாதி வரைக்கும் இறங்கியது. பஸ்ஸில் பின்னாலிருந்து “கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்று சொல்லி, திரும்பிய முகத்தில் மீசையைப் பார்த்து மன்னிப்புக் கேட்ட பெரியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வருஷத்தில்தான், பி.யூ.சி.யில் அப்போதுதான் சேர்ந்திருந்த பதினேழு வயது நயினாருக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சண்முகவேலுக்கும் முத்துலட்சுமிக்கும் ஒரே பிள்ளை.

முதலில் தலையணையில் கிடந்தது. பிறகு சீப்பில். ரசத்தில் ஒரு நாள் கிடந்ததற்கு முத்துலட்சுமி பாத்திரம் தேய்க்கிறவளைத் திட்டினாள். ஆனி முடிவதற்குள் நெற்றியின் இரண்டு பக்கமும் மெரினாவைப் போல அகன்றுவிட்டன. உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிச்சம்.

மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் பையனின் தலையைக் குனிய வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா வழியில் யாருக்காவது இப்படி உண்டா?” என்றார். சண்முகவேல் மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைப் பார்த்தாள்.

“இதுக்கு மருந்து கிடையாது. பழகிக்க வேண்டியதுதான்,” என்றார் டாக்டர்.

“இல்லவே இல்லைன்னு சொன்னா எப்படி? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க,” என்றார் சண்முகவேல். “முழுசா வேண்டாம். முன்பக்கம் மட்டும் நிறுத்திக் குடுங்க. பின்பக்கத்தை நாங்க பாத்துக்கிடுதோம்.”

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி மணியடித்தார்.

அம்மா வழி என்றால் வெள்ளைச்சாமி. முத்துலட்சுமியின் அண்ணன், பாண்டி பஜாரில் பாத்திரக்கடை. அவர் விற்கிற எவர்சில்வர் குடத்துக்கும் அவர் தலைக்கும் பளபளப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவரைச் சண்முகவேல் இலை முன்னால் வைத்தே பிடித்துக்கொண்டார்.

“மச்சான், ஒங்க தங்கச்சியக் குடுக்கும்போது சீர் சாமான் ஒண்ணுவிடாம எழுதிக் குடுத்திய. இத மட்டும் எழுதலியே.”

“எனக்கு இருபத்தஞ்சு வரைக்கும் நல்லா இருந்துச்சு மாப்ள. கல்யாணப் போட்டோவுல பாரும்.”

“பாத்தேன். அதுல தலப்பா கட்டியிருக்கீரு.”

வெள்ளைச்சாமி நெத்திலிக் குழம்பில் சோற்றைப் பிசைந்தார். “ஆம்பளப் பயலுக்கு இதெல்லாம் ஒரு கொறையா? வழுக்கை விழுந்தா துட்டு சேரும்பாவ.”

“அப்போ முடியையும் துட்டையும் சேத்தே குடுத்திருக்கலாமே. ஒங்க தங்கச்சி முடியை மட்டும்லா கொண்டாந்திருக்கா, அதுவும் கொட்டுத முடி.”

பக்கத்து இலையில் நயினார் எழுந்துவிட்டான். மோர் ஊற்றவில்லை.

அப்புறம் வைத்தியம். முத்துலட்சுமி சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தாள். கரிசலாங்கண்ணியைக் காய்ச்சினாள். செம்பருத்தியும் வெந்தயமும் மேல்மாடியில் ஊறாத நாளில்லை. பையன் வந்தால் காலேஜில் பின்பெஞ்சுக்காரர்கள் ‘சாம்பார் ரெடி’ என்றார்கள். நயினார் காலேஜுக்குப் போவதை நிறுத்தினான். சாந்தோமிலிருந்து லியோனார்ட் என்ற சிநேகிதன் நோட்ஸ் எடுத்துக்கொண்டு வந்தான். “இல்லைன்னு சொல்லும்மா” என்று நயினார் உள்ளேயிருந்து சொன்னது படியில் நின்ற லியோனார்டுக்கு நன்றாகக் கேட்டது. “அவன் வந்தா குடுத்துடுங்க ஆன்ட்டி,” என்று நோட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனான். நல்ல பையன்.

பையனுக்கு ஒரு யோசனை இருந்தது. ஒட்ட வெட்டிவிட வேண்டும். எல்லாமே ஒட்ட இருந்தால் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சட்டெனத் தெரியாது. பனகல் பார்க் பக்கத்து சலூன்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் போவதாக இருந்தான்.

ஆடிக் கிருத்திகையன்று முத்துலட்சுமி பூஜை அலமாரி முன்னால் நின்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். அன்று சாப்பாட்டின்போது அவளே சொன்னாள்.

“திருச்செந்தூரானுக்கு நேந்துட்டேன். எம்பிள்ளைக்கு முடி கொட்டுதது நிக்கணும். நின்னா, அந்த முடியை ஒன் சன்னதியில வந்தே எறக்குதேன்னு.”

சண்முகவேல் சோற்றுக்கையோடு அவளைப் பார்த்தார்.

“என்ன ஏவாரம்ளா இது? சரக்கு வந்து சேந்தா அதே சரக்கத் திருப்பித் தாரேன்னு எவளாவது ஆர்டர் குடுப்பாளா?”

“வாயில அதான் வந்துச்சு. எங்க வீட்டுல எதுக்கு நேந்தாலும் முடிதான நேருவோம். காய்ச்சலுக்கு முடி, பரீச்சைக்கு முடி, கெணத்துல தண்ணி வாரதுக்கு முடி.”

“காய்ச்சலுக்கு முடி சரி. முடிக்கே முடியா?”

“சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்.”

நயினார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நின்னா மொட்டை. நிக்கலைன்னா வழுக்கை. கடையில வேற ரகம் ஏதும் இருக்காம்மா?”

அவள் அழுதாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னாள்: நேர்ந்த தலையில், கோயில் போய்ச் சேருகிற வரைக்கும், கத்தியும் கத்தரியும் படக்கூடாது. கிடாவை நேர்ந்துவிட்டால் ஊரில் ஒருவரும் அதன்மேல் கைவைக்க மாட்டார்கள். தலையும் அப்படித்தான்.

சண்முகவேல் விடவில்லை. மூன்று கொத்து நறுக்கிப் பூமுடி கொடுத்தால் போதாதா என்றார். அது பொம்பளைக்கு, தான் சொன்னது மொட்டை என்றாள். முடிதான் நிற்கவில்லையே, ஒப்பந்தம் ரத்து என்று வைத்துக்கொள்ளலாமா என்றார். “நிக்காதுன்னு நாம எப்படிச் சொல்ல? நான் கெடு எதுவும் வைக்கலியே,” என்றாள். கெடு வைக்காமல் ஒப்பந்தம் போட்டவர்களை அவர் தொழிலில் பார்த்திருக்கிறார். யாரும் உருப்பட்டதில்லை.

ஐப்பசி பிறந்தபோது பையனின் காதோரமும் பிடரியும் தோள் வரைக்கும் தொங்கின. உச்சியில் ஒன்றுமில்லை. கடைவாசலில் பூக்கட்டும் தாயம்மா, தண்ணீர் பிடிக்க இறங்கியவனை ஒரு நாள் காலையில் முழுசாகப் பார்த்தாள்.

“இன்னா நைனா, சுத்திலும் தோட்டம் வச்சிக்கினு நடுவுல பிளாட்டு போட்டு வுட்டுக்கீற. யாருக்கு விக்கப் போற?”

நயினார் என்ற பேர் அவள் வாயில் நைனாவாகி வெகுகாலமாகிறது. சொன்னதில் கெட்ட எண்ணமும் கிடையாது. போலீஸ்காரரைக் கூட அப்படித்தான் பேசுவாள். ஆனால் அன்று படியேறிப் போனவன் அப்புறம் இறங்கவில்லை.

மேலே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கொட்டுகிற கூட்டத்தின் தலைகள்தான் தெரியும். தலை தலையாகப் போகும். எண்ணெய் வைத்தது, வைக்காதது, வகிடெடுத்தது, சுருண்டது. அவன் அதைச் சாத்தினான். மின்வெட்டு வந்தால் அறை அடுப்பாகிவிடும். அப்போதும் திறக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. வெளியே மழை, உள்ளே ஈரக் குடையும் வியர்வையும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாடை. சண்முகவேல் ஜவுளி பேல் கட்டைத் தானே தோளில் தூக்கி வந்து இறக்கினார். ஒரு கை சேலையை விரிக்க, ஒரு கை காசு வாங்க, குரல் மட்டும் மேலே போனது.

“எய்யா நயினார், ஒரு மணி நேரம் கல்லாவுல இரு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

கால் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. கடைசியில் தெரிந்தது ஒரு மங்கி கேப். ஐப்பசிப் புழுக்கத்தில், காது கழுத்தெல்லாம் மூடிய காப்பிப்பொடி நிறக் கம்பளிக் குல்லாய்.

“ஏன் முதலாளி, தம்பி ஊட்டியிலேர்ந்து நேரா வருதா?” என்றாள் ஒரு அம்மாள். சேலை மேடை முழுக்கச் சிரித்தது.

“ஜலதோஷம்,” என்றார் சண்முகவேல். “நீங்க அந்தப் பச்சையப் பாருங்க, ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்.”

குல்லாய்க்குள்ளிருந்து வியர்வை கோடாக இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து படியேறினான். சண்முகவேல் அந்த அம்மாளுக்குப் பச்சைச் சேலையை விலை குறைக்காமல் விற்றார்; அவரால் முடிந்தது அது.

இரண்டு நாள் கழித்து அய்யாதுரை செத்துப்போனார்.

அய்யாதுரை சண்முகவேலின் கூடப்பிறந்த அண்ணன். ஆழ்வார்பேட்டையில் மளிகைக்கடை. பிள்ளை கிடையாது. காலையில் பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். வெள்ளைச்சாமி டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்து சேதி சொன்னார். கடையை இழுத்துச் சாத்திவிட்டு நால்வரும் ஏறினார்கள். நயினார் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டான். மழை பெய்ததால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

பேச்சியம்மாள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “காப்பி குடிக்காமலே போயிட்டாவளே.” பின்கட்டில் தகரத் தாழ்வாரத்தடியில் நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டுப் பலகையைப் போட்டுக் காத்திருந்தார். கொள்ளி வைக்கிறவர் தலையையும் மீசையையும் சிரைக்க வேண்டும். வைக்கிறவர் யாரென்று கேள்வியே கிடையாது, கூடப்பிறந்த தம்பி.

சண்முகவேலுக்கு நல்ல முடி. ஐம்பதை நெருங்கியும் ஒன்று நரைக்கவில்லை. அலை அலையாகப் பின்னால் படிந்திருக்கும். கல்லாவில் உட்காரும் முன் அதைச் சீவிக்கொள்வதுதான் அவர் தன்மேல் செலவழிக்கிற ஒரே நேரம். இந்த நாலைந்து மாதமாகப் பையன் இருக்கையில் சீவுவதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகைக்குப் போனார்.

“அப்பா,” என்றான் நயினார் பின்னாலிருந்து. “நான் வைக்கட்டுமா?”

சண்முகவேல் திரும்பினார். துண்டு நனைந்து பையனின் மண்டையோடு ஒட்டியிருந்தது. பையன் அவரைப் பார்க்கவில்லை. நாவிதரின் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோர் வேண்டுமென்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிற பையன்.

முத்துலட்சுமி காதில் விழுந்துவிட்டது. “கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில பிள்ளை கொள்ளி தூக்குததா? நாளைக்கு அந்தக் கொள்ளி யாரைக் கேக்கும்? அதுவும் முருகனுக்கு நேந்த தலை.”

வெள்ளைச்சாமியும் வந்தார். “மாப்ள, இது வழக்கமில்ல. நீரு உக்காரும்.”

சண்முகவேல் நின்றுகொண்டே இருந்தார். வியாபாரத்தில் அவர் இப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“எனக்கு முதுகு புடிச்சிருக்கு மச்சான். தண்ணிக்கொடம் தூக்கிச் சுத்த முடியாது.”

“முந்தாநாள் பேல் தூக்கினீரே. நான் கடை வாசல்ல நின்னு பாத்தேனே.”

“அதுலதான் புடிச்சுது.”

“கொடத்த நான் தாங்கிப் பிடிக்கேன். நீரு தலையக் குடும்.”

“முடியாதுங்கேன்லா.”

தாழ்வாரத்தில் நின்ற உறவு ஜனம் அவர் இடுப்பைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தது. அலை அலையாகப் படிந்த முடியை. அவருக்கு அது தெரிந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை.

“முருகனுக்கு நேந்ததாச்சே,” என்றாள் முத்துலட்சுமி.

“முருகன் காத்துக்கிடுவான்ளா. பிணம் காத்துக்கிடாது.” பிறகு நாவிதரிடம், “எம்பையன் உக்காருவான். நீரு ஆரம்பியும்.”

நயினார் துண்டை எடுத்தான். நாவிதர் கை வைத்தவர் ஒரு கணம் நிறுத்திச் சண்முகவேலைப் பார்த்தார்.

“என்ன பாக்கீரு? சிரையும்.”

பிடரியிலிருந்து நீள நீளமாக விழுந்தது. மேலே கத்திக்கு வேலையில்லை. சும்மா தண்ணீரைத் தொட்டுத் தடவிவிட்டார். முத்துலட்சுமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர்கள் வகையறாவில் ஒரு பிணத்துக்கு ஒரு மொட்டைதான். இரண்டாவது தலை சிரைத்தால் இரண்டாவது சாவு விழும் என்பார்கள். அதனால் சண்முகவேல் பின்னால் மனசு மாறி உட்காரவும் வழியில்லை.

கண்ணம்மாபேட்டை வரைக்கும் நயினார் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். தூறல் நேராக மண்டையில் விழுந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். சோடாக்கடைக்காரர் துண்டை இடுப்புக்கு இறக்கினார். அவன் தலையைப் பார்த்த ஒருவரும் மறுபடி பார்க்கவில்லை. சுடுகாட்டில் குடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தபோது துளையிலிருந்து தண்ணீர் முதுகில் வழிந்தது. அழவேண்டிய இடத்தில் அழுதான். ஆனால் முதுகு, பல மாதத்துக்கு அப்புறம், நிமிர்ந்திருந்தது. வெள்ளைச்சாமி அதைக் கவனித்தார். காரணம் வேறென்று நினைத்துக்கொண்டார். “பய பொறுப்புள்ளவன். அப்பனுக்கு இல்லாத பொறுப்பு,” என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, “வாங்க மதினி, சாப்பிடலியா?” என்று சண்முகவேல் கேட்டார். பேச்சியம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“நான் சாப்பிடுதேன் தம்பி. ஒங்க முடி நல்லா இருக்கட்டும்.”

அவர் பந்தியில் போய் உட்கார்ந்து கடைசி வரைக்கும் குனிந்தே சாப்பிட்டார்.

தெருவுக்கும் சேதி வந்துவிட்டது. கொண்டு வந்தது வெள்ளைச்சாமிதான். கூடப்பிறந்தவனுக்குக் கொள்ளி வைக்க நாலு மயிரைக் கொடுக்காத மகராசன் என்று பாண்டி பஜார் வரைக்கும் பேச்சு. பேரம் படியாவிட்டால் வாடிக்கைக்காரர்கள் கூட, “அண்ணனுக்கே குடுக்காதவரு, நமக்கா குறைச்சுக் குடுக்கப் போறாரு?” என்று எழுந்து போனார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன், சேலையை மடித்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதை நிறுத்தினாள். ஆனால் மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். தீட்டு கழிய ஒரு வருஷமாகும். அதுவரைக்கும் நேர்ச்சை செலுத்த முடியாது. மஞ்சள் துணி அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பையன் மட்டும் கீழே வந்தான். கால், இடுப்பு, தலை. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “அடடா, யாரு தம்பி?”

“பெரியப்பா.”

இதைச் சொல்ல அவனுக்கு அலுக்கவே இல்லை. மொட்டைக்குக் காரணம் இருந்தது. காரணமுள்ள மொட்டைக்கு மரியாதை இருந்தது. தாயம்மா எழுந்து நின்று, “நல்லா இரு நைனா, பெரியவர அனுப்பி வச்சிட்ட,” என்றாள். மறுபடி காலேஜுக்குப் போனான்; பின்பெஞ்சு வாயைத் திறக்கவில்லை. லியோனார்ட் அவனைத் தேடி வந்து, கடைப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து பொரியுருண்டை தின்றான்.

கார்த்திகை போனது. மார்கழியில் முளைக்க ஆரம்பித்தது. வேலை தெரிந்த தையல்காரன் பழைய சட்டையை வைத்து அளவெடுத்துத் தைத்தமாதிரி, எங்கே இருந்ததோ அங்கே மட்டும் வந்தது. காதோரம் கடுகு விதைத்தாற்போலக் கறுத்தது. பிடரியில் அடர்ந்தது. உச்சி வெறுமையாகவே இருந்தது, முன்னைக்கு இரண்டு விரல்கடை அகலம் கூட. தை பிறந்தபோது யாரும் ‘யாரு தம்பி’ என்று கேட்பதில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். தாயம்மா கூட மாலையை மட்டும் பார்த்துக் கட்டினாள். அதுதான் இருப்பதிலேயே மோசம்.

பொங்கல் கூட்டம் வடிந்த ஒரு மத்தியானம், விரித்துப்போட்ட சேலைகளை அப்பனும் மகனும் மடித்துக்கொண்டிருந்தார்கள். சேலை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, உதறி, நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். சேருகிற இடத்தில் முகத்துக்கு முகம் ஒரு சாண்தான் இருக்கும்.

“அப்பா.”

“ம்.”

“நம்ம பங்காளிங்கள்ல, பிள்ளையில்லாதவங்க வேற யாராச்சும் இருக்காங்களா?”

சண்முகவேல் அவன் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டார். சேலையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, உள்ளங்கையால் அழுத்தி நீவினார். மேலே முத்துலட்சுமி ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

“தூத்துக்குடியில ஒருத்தர் இருக்காரு,” என்றார். “எனக்குச் சித்தப்பா முறை. உப்பளம் வச்சிருக்காரு.”

“எப்படி இருக்காரு?”

“தெடமா இருக்காரு. தெனமும் கடல்ல குளிக்காரு.”

நயினார் தலையாட்டினான். அடுத்த சேலையை எடுத்து இரண்டு முனையை அவரிடம் நீட்டினான். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தபடியே இருவரும் பின்னால் நகர்ந்தார்கள்.